ஒரே கோர்ட், இரண்டு நெட் உயரம்: ஆண், பெண் கைப்பந்து அணிகளுக்கு எந்தப் பயிற்சி முறை?

கைப்பந்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் விதிப்புத்தகம் வைத்திருக்கும் பெரிய வித்தியாசம் 19 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு நெட்டின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளம் இருவருக்கும் ஒன்றே, பந்தும் ஒன்றே, புள்ளிக் கணக்கும் ஒன்றே. குண்டு எறிதலில் 7.26 கிலோவுக்கும் 4 கிலோவுக்கும் உள்ளதைப் போன்ற இடைவெளி இங்கே கிடையாது. கபடியில் மாறுவதுபோல ஆடுகளத்தின் அளவும் ஆட்ட நேரமும் இங்கே மாறுவதில்லை. இருந்தும், மைதானத்தில் பயிற்சி தொடங்கியதும் இந்த 19 சென்டிமீட்டர் எப்படியோ வளர்ந்து, ஆண்களுக்கு ஒரு மொழி, பெண்களுக்கு வேறொரு மொழி என்றாகிவிடுகிறது.

எங்கள் ஊர்க் கழகத்தில் நீண்ட காலம் பையன்கள் மட்டுமே ஆடினார்கள். சில ஆண்டுகளாகப் பெண் பிள்ளைகளும் வருகிறார்கள்; பன்னிரண்டு வயதிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை எல்லா வயதிலும் இருக்கிறார்கள். இருப்பது ஒரே ஆடுகளம். சம்பளம் பெறும் பயிற்சியாளர் ஒருவர்தான். இந்த நிலையில் நிர்வாகக் குழுவின் முன் மூன்று வழிகள் வந்தன. முதலாவது, இருபாலரையும் ஒரே நேரத்தில், ஒரே பயிற்சியாளரிடம், ஒரே முறையில் பழக்குவது. இரண்டாவது, நேரத்தையும் பயிற்சியாளரையும் முற்றிலுமாகப் பிரித்து இரண்டு தனி அணிகளாக நடத்துவது. மூன்றாவது, திட்டமும் திருத்தும் தரமும் ஒன்றாக இருக்க, உடல் கேட்கும் இடங்களிலும் பாதுகாப்பு கேட்கும் இடங்களிலும் மட்டும் பிரிப்பது. இதே கேள்வி வேறு பல ஊர்க் கழகங்களிலும் பள்ளிகளிலும் எழும் என்பதால் எங்கள் ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடும் முன், பலரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவெடுப்பதற்கு முன்பாக ஒரு மாலை முழுவதும் நான் ஆடுகளத்தின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, எங்கள் பயிற்சியாளர் யாரிடம் என்ன சொல்கிறார் என்று குறித்துக்கொண்டேன். அவர் நல்ல மனிதர். பிள்ளைகளை அடிக்கமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். ஒரு பையன் அடித்த பந்து நெட்டில் மாட்டியதும், "டேய், கடைசி ரெண்டு அடி சின்னதா வைக்கிற. பந்துக்கு அடியில போயிட்ட. கை பின்னால தொங்குது பாரு" என்றார். அடுத்து வந்த பெண் அதே தவறைச் செய்தாள். அவளுடைய பந்தும் அதே இடத்தில் மாட்டியது. "பரவாயில்லம்மா, நல்ல முயற்சி" என்றார். மாலை முடிந்தபோது பையன்களுக்கான பக்கத்தில் கால், தோள், மணிக்கட்டு, நேரம் என்று திருத்தங்கள் நிரம்பியிருந்தன. பெண்களுக்கான பக்கத்தில் "பரவாயில்லை", "நல்ல முயற்சி", "சிரிச்சுக்கிட்டே ஆடுங்க" ஆகிய மூன்றுமே மாறி மாறி வந்தன. பையனுக்குக் கிடைத்தது ஏச்சுதான்; ஆனால் அந்த ஏச்சுக்குள் ஒரு பாடம் இருந்தது. பெண்ணுக்குக் கிடைத்த அன்புக்குள் பாடம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போகும்போது தன் பந்து ஏன் மாட்டியது என்பது பையனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

ஆண்களைக் கத்திப் பழக்கலாம், பெண்களைத் தட்டிக்கொடுத்துத்தான் பழக்க வேண்டும் என்பது நம் மைதானங்களில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட வழக்கு. ஆய்வுகள் அதற்கு அவ்வளவு எளிதாகத் துணை வருவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பின்னர் கனடா சென்ற பாக்கியநாதன் செல்லதுரை, விளையாட்டுத் தலைமைத்துவம் குறித்து உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோலை சலே என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர். பயிற்சியாளரிடம் வீரர்கள் எதிர்பார்ப்பதை அவர் ஐந்தாகப் பிரித்தார்: கற்பித்தல், கலந்து முடிவெடுத்தல், தானே முடிவெடுத்தல், தனிப்பட்ட அக்கறை, பாராட்டு. அவர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியாளர் தானே முடிவெடுப்பதைப் பெண்களைவிட ஆண்கள் அதிகம் விரும்பினார்கள். அதே ஆண்கள்தான் தனிப்பட்ட அக்கறையையும் பெண்களைவிட அதிகம் விரும்பினார்கள். அக்கறை பெண்களுக்கு, அதட்டல் ஆண்களுக்கு என்ற நம் பங்கீட்டில் பாதி அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. 1985இல் அமெரிக்காவில் தெல்மா ஹார்ன், பள்ளிச் சிறுமிகளின் சாஃப்ட்பால் அணிகளில் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. தவறு செய்தபோது பயிற்சியாளரிடமிருந்து விமர்சனம் பெற்ற சிறுமிகளிடம் தம் திறமை மீதான நம்பிக்கை உயர்ந்திருந்தது; வெறும் பாராட்டை அதிகம் பெற்றவர்களிடம் அது குறைந்திருந்தது. விமர்சனத்தில் திருத்தத்துக்கான தகவல் இருந்தது, பாராட்டோ ஆட்டத்தோடு ஒட்டாமல் பொதுவாக வழங்கப்பட்டது என்பதே அதற்கு ஹார்ன் தந்த விளக்கம். என் நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் நான் அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன்.

ஆகவே மூன்று வழிகளையும் எடைபோடும்போது எனக்கு முதல் அளவுகோல் இதுதான்: எந்த ஏற்பாட்டில் ஒரு பெண்ணுக்கு ஒரு பையனுக்குக் கிடைக்கும் அளவு திருத்தம் கிடைக்கும்? உடல், நேரம், பாதுகாப்பு, பணம் ஆகியவை அதற்கு அடுத்தே வருகின்றன. பாதுகாப்பு மட்டும் விதிவிலக்கு. அது எடைபோடும் பொருளே அல்ல, அது முன்நிபந்தனை.

முதல் வழிக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. செலவு குறைவு. ஒரே பயிற்சியாளர் என்பதால் ஒரே தரம் என்று காகிதத்திலாவது சொல்லலாம். பெண்கள் வேகமான சர்வை எடுத்துப் பழகுவார்கள். சீனப் பெண்கள் அணி இதற்காகவே ஆண் ஆட்டக்காரர்களை எதிரில் நிறுத்திப் பழகுவதைப் பல பத்தாண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறது. அப்படி 1979இல் பெண்கள் அணிக்குப் பந்தடித்துக் கொடுக்க வந்த சென் ஜோங்ஹே, பின்னர் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராகி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அங்கே ஆண்கள் வருவது பெண்களின் பயிற்சிக்குப் பயன்படுவதற்காக. நம் ஊரில் சேர்ந்து ஆடினால் நடப்பது வேறு. நெட் 2.43இல் கட்டப்பட்டிருக்கும், அதை இறக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. எங்கள் கம்பத்தில் இழுத்துக் கட்டும் கயிறு பழையது. அவிழ்த்து இறக்கி மறுபடி விறைப்பாகக் கட்டப் பத்து நிமிடம் ஆகும் என்பதே போதிய காரணமாகிவிடும். ஆறு பேர் அணியில் பெண்கள் பின்வரிசையில் நிற்பார்கள், பந்தை எடுத்துக் கொடுப்பார்கள், நெட்டருகே வரும் முறையைப் பையன்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். வெளியே போன பந்தை ஓடிப்போய் எடுத்து வருவதும் பெரும்பாலும் அவர்களே. ஓராண்டு கழித்து அந்தப் பெண்ணுக்கு எதிரணியின் சர்வை எடுக்கும் ரிசீவ் அருமையாக இருக்கும், குதித்து ஓங்கி அடிக்கும் ஸ்பைக் இருக்காது. மண்டலப் போட்டியில் 2.24 நெட்டின் முன் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

அதைவிட நுட்பமான ஓர் இழப்பும் உண்டு. பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தின் மெதுவான நகல் அன்று. ஆண்கள் ஆட்டத்தில் குதித்து அடிக்கும் சர்வும், நெட்டுக்கு மேல் கை நீட்டித் தடுக்கும் உயர்ந்த பிளாக்கும் பல புள்ளிகளைச் சட்டென முடித்துவிடும். பெண்கள் ஆட்டத்தில் பந்து நெட்டைத் தாண்டித் தாண்டி வெகுநேரம் உயிரோடு இருக்கும். அதனால் தரையில் விழாமல் எடுக்கும் திறனும், எடுத்த பந்தை மறுபடி தாக்குதலாக மாற்றும் திறனும் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன. அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் முதுகுப் பக்கமாக ஓடிவந்து ஒற்றைக் காலில் எம்பி அடிக்கும் ஸ்லைடு என்ற தாக்குதல் பெண்கள் ஆட்டத்தில் அன்றாடம். ஆண்கள் ஆட்டத்தில் அபூர்வம். ஆண்கள் ஆட்டத்தை மட்டுமே ஆடி வளர்ந்த பயிற்சியாளர், தாம் ஆடாத அந்த அடியைக் கற்றுக்கொடுக்க நினைக்கவே மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பயிற்சி பெற்றபோது அது பாடத்தில் இல்லை.

முதல் வழி நன்றாகப் பொருந்தும் ஒரு வயது உண்டு. சிறுமிகளின் உயரம் வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 11, 12 வயதை ஒட்டியும், சிறுவர்களுக்கு 13, 14 வயதை ஒட்டியும் வருகிறது. எனவே பன்னிரண்டு வயதில் அணியின் உயரமான ஆள் ஒரு பெண்ணாகவே இருக்கக்கூடும். அந்த வயதில் நெட்டை இறக்கிக் கட்டி, எல்லோரையும் கலந்து விட்டு, பாஸும் செட்டும் பழக்குவதே நல்லது. இந்தக் குழுவைப் பிரிக்கும் எண்ணமே எனக்கு இல்லை. பிரிப்பது பற்றிய பேச்சு பதினான்கு, பதினைந்து வயதுக்கு மேல்தான் தேவைப்படுகிறது.

இரண்டாவது வழியான முழுப் பிரிவினை, கேட்பதற்கு மிகவும் மரியாதையானது. பெண்களுக்கென்று தனி நேரம், தனிப் பயிற்சியாளர், தங்கள் உயரத்தில் நெட். பெற்றோர் இதைத்தான் விரும்புவார்கள். ஒரு பெண் தன் உடையைப் பற்றியோ, தவறாக அடித்துவிட்டால் யார் சிரிப்பார்கள் என்பதைப் பற்றியோ எண்ணாமல் ஆட இது இடம் தரும். அந்த நிம்மதி சிறிய பயன் அன்று. ஆனால் ஒரே ஆடுகளமும் குறைந்த பணமும் உள்ள கழகத்தில் பிரிவினை சமமாக நடப்பதை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த வேறொரு கழகத்தில் இது மூன்றாண்டு நடந்தது. அனுபவமுள்ள பயிற்சியாளர் ஆண்களிடம் தங்கினார். நேற்றுவரை ஆடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் பெண்களுக்குப் பயிற்சியாளரானார். புதிய பந்துகள் காலையில் ஆடும் ஆண்கள் அணிக்கும், மேல்தோல் உரிந்தவை மாலையில் ஆடும் பெண்கள் அணிக்கும் என்றாயிற்று. மாலை நேரம் 4.30க்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும் என்று பெயர். பள்ளி விட்டு வந்து உடை மாற்றவே ஐந்தாகிவிடும், இருட்டும் முன் வீடு சேர வேண்டும் என்று ஆறு மணிக்கே பாதிப் பேர் பையை எடுத்துவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. தனியாக வைத்தது மெல்ல மெல்லத் தாழ வைத்ததாக மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மேலும், பெண்களுக்கு வேறு வகைப் பயிற்சியாளர் வேண்டும் என்ற அடிப்படையே கைப்பந்து வரலாற்றில் பெரிதும் ஆட்டம் காண்கிறது. பிரேசிலின் ஜோசே ராபர்ட்டோ கிமராய்ஸ் 1992 பார்சிலோனாவில் ஆண்கள் அணிக்கும், 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் பெண்கள் அணிக்கும் ஒலிம்பிக் தங்கம் பெற்றுத் தந்தவர். அதே நாட்டின் பெர்னார்டினோ 1996, 2000 ஒலிம்பிக்குகளில் பெண்கள் அணியை வெண்கலத்துக்குக் கொண்டுசென்ற பிறகு, 2004இலும் 2016இலும் ஆண்கள் அணியைத் தங்கத்துக்குக் கொண்டுசென்றார். அமெரிக்க ஆண்கள் அணியை 2008இல் தங்கம் வெல்ல வைத்த ஹியூ மெக்கட்சன் 2012இல் பெண்கள் அணியோடு வெள்ளி வென்றார். இத்தாலிய ஆண்கள் அணியை 1990இலும் 1994இலும் உலக சாம்பியனாக்கிய அர்ஜென்டினக்காரர் ஹூலியோ வெலாஸ்கோ, 2024 பாரிஸில் இத்தாலியப் பெண்கள் அணிக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். ஒருவரோ இருவரோ என்றால் விதிவிலக்கு எனலாம். இத்தனை பேர் என்றால், ஆண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கலையும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கலையும் பெரும்பகுதி ஒன்றே என்று கொள்வதுதான் நியாயம்.

இங்கே எதிர்ப்பக்கமாக ஒருவர் ஜப்பானை நினைவூட்டலாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது. அதில் சோவியத் அணியை வென்று தங்கம் பெற்ற ஜப்பானியப் பெண்களில் பெரும்பாலோர் ஒரு ஜவுளி நிறுவனத்தின் ஊழியர்கள். பகலில் வேலை, பிறகு நள்ளிரவு வரை பயிற்சி. அவர்களைப் பழக்கிய தைமட்சு ஹிரோபுமியை 'பேய்' என்றே அழைத்தார்கள். பெண்கள் கடுமையைத் தாங்கமாட்டார்கள் என்ற வாதத்தை அந்த அணி அன்றே முடித்துவைத்தது. ஆனால் தைமட்சுவிடமிருந்து உலகம் எடுத்துக்கொண்டது அவருடைய நள்ளிரவுகளை அல்ல. விழுந்து பந்தை எடுத்து, தோள் வழியாக உருண்டு, அடுத்த நொடியே எழுந்து நிற்கும் உருண்டு எடுக்கும் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. அது நுணுக்கமான திருத்தத்தால் உண்டான உத்தி. கடுமை வேறு, நுணுக்கம் வேறு என்பதை எங்கள் குழுவில் விளங்கவைக்க எனக்கு இந்த எடுத்துக்காட்டே பயன்பட்டது.

அப்படியானால் எதையும் பிரிக்க வேண்டாமா? பிரிக்க வேண்டியவை இருக்கின்றன. அவை பேச்சிலோ தரத்திலோ இல்லை, உடலில் இருக்கின்றன.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். குதித்துத் தரையிறங்கும் ஆட்டங்களிலும் திடீரெனத் திரும்பும் ஆட்டங்களிலும், ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். ஆட்டத்தையும் வயதையும் பொறுத்து இரண்டு முதல் எட்டு மடங்கு வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு முறை கிழிந்தால் அறுவை சிகிச்சை, பிறகு ஆடுகளத்துக்குத் திரும்ப ஒன்பது மாதத்துக்குக் குறையாத காலம். நம் ஊர்ப் பெண் ஒருத்திக்கு அப்படி நேர்ந்தால் அவள் திரும்புவதே இல்லை; படிப்பு, கல்யாணம் என்று பேச்சு மாறிவிடும். இதைத் தடுக்கும் வழி எளிது, ஆனால் கண் வேண்டும். ஸ்பைக் அடித்து இறங்கும் பெண்ணைப் பந்தின் திசையில் பார்க்காமல் முழங்காலில் பாருங்கள். இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று தேடுவதுபோல் உள்பக்கம் சாய்கின்றனவா, ஒற்றைக் காலில் விறைப்பாக இறங்குகிறாளா என்று கவனியுங்கள். இரண்டு காலில், முழங்காலை மடக்கி, பாதத்துக்கு நேராக முழங்கால் நிற்கும்படி, சத்தம் கேட்காமல் இறங்கப் பழக்குவதே தடுப்பு. கால்பந்துக்கென வகுக்கப்பட்ட இருபது நிமிட வார்ம்-அப் முறையொன்றை நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமிகளிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. எங்கள் மைதானத்தில் இன்னும் மூன்று சுற்று ஓட்டமும் இடுப்பைச் சுழற்றுவதுமே வார்ம்-அப்.

பையன்களுக்கு முழங்கால் பிரச்சினை இல்லை என்பதல்ல. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணில் வரும் நாட்பட்ட வலி உயர்நிலை ஆண் கைப்பந்து வீரர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. அதிக எடையோடு அதிக உயரம், அதிக முறை, அதுவும் கடினமான தரையில் குதிப்பதன் விளைவு அது. ஆகப் பெண்களுக்கு இறங்கும் விதத்தைத் திருத்த வேண்டும். ஆண்களுக்குக் குதிக்கும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரே முழங்காலுக்கு இரண்டு கவனிப்பு. முதல் வழியில் இது தவறிப்போகும். மூன்றாவது வழியில் இதற்கென்று இடம் ஒதுக்கலாம்.

அடுத்தது இரத்தம். 2019-21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31 சதவீதத்தினருக்கு. நம் அணியில் நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்காவது இருக்கக்கூடும் என்றே எண்ணிக்கொண்டு தொடங்குவது நல்லது. மூன்றாவது செட்டில் கால் ஓயும் பெண்ணை "சோம்பேறி, ஸ்டாமினா இல்லை" என்று கூடுதலாக நான்கு சுற்று ஓடவிடுவது வழக்கம். எங்களிடம் அப்படி ஓடிய ஒரு பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் ஒன்பதைத் தொடவில்லை. கருவுறாத பெண்ணுக்கு 12க்குக் கீழ் இருந்தாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவளுக்குத் தேவைப்பட்டது கண்டிப்பும் அல்ல, கனிவும் அல்ல, இரும்புச்சத்து. பயிற்சிக்கு ஈடான சாப்பாடு இல்லாமல் ஆடுவதால் மாதவிடாய் நிற்பது, எலும்பு பலவீனமாவது, அடிக்கடி காயப்படுவது எல்லாம் ஒரே நோயின் கிளைகள் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் சொல்லி வருகிறது. அது ஆண்களையும் பாதிக்கும் என்றும் அப்போதே சேர்த்துச் சொன்னது. காலையில் வெறும் டீயோடு மைதானத்துக்கு வருவதில் நம் பையன்களும் பெண்களும் சமம்.

மாதவிடாய் பற்றி இப்போது இரண்டு தீவிரங்கள் உலவுகின்றன. ஒன்று, அதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது. மற்றொன்று, பயிற்சி அட்டவணை முழுவதையும் மாதச் சுழற்சிக்கு ஏற்ப வகுக்க வேண்டும் என்பது. 2019 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணி ஒவ்வொரு வீராங்கனையின் சுழற்சியையும் கண்காணித்தது. அந்தச் செய்திக்குப் பின் இரண்டாவது போக்கு பரவியது. ஆனால் 2020இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், சுழற்சியின் தொடக்க நாட்களில் ஆட்டத்திறன் சராசரியாக மிகச் சிறிதளவே குறைகிறது, ஆளுக்கு ஆள் வேறுபாடே பெரிது என்று கண்டார்கள். எங்கள் அளவில் இதற்கு அட்டவணை தேவையில்லை. சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும், "இன்னிக்குக் குதிக்கிறது வேண்டாம், செட்டிங் மட்டும் பண்றேன்" என்று காரணம் கேட்கப்படாமல் சொல்ல ஒரு பெரியவளும் இருந்தால் போதும்.

அந்தப் பெரியவள்தான் மூன்றாவது வழியின் அச்சாணி. 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தின் கீழ் கைதானதை விளையாட்டோடு தொடர்புடைய எந்தப் பெற்றோரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022இல் வெளிநாட்டு முகாமுக்குச் சென்ற சைக்கிள் வீராங்கனை ஒருவர் தம் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்த பிறகு, பெண்கள் இடம்பெறும் அணியோடு பெண் பயிற்சியாளரும் செல்ல வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் விதித்தது. தேசிய அணிக்குத் தேவைப்படுவது ஊர் மைதானத்துக்கும் தேவை. பெண் பயிற்சியாளர் கிடைப்பது அரிது என்பது உண்மைதான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்கூடப் பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதமே. ஆனால் பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியையோ, பல்கலைக்கழக அளவில் ஆடித் திருமணமாகி ஊருக்கு வந்திருக்கும் முன்னாள் வீராங்கனையோ தேடினால் கிடைக்கிறார்கள். அவர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொள்ளும் காவலாக இல்லாமல், திருத்தம் சொல்லும் அதிகாரத்தோடு பையன்களின் பயிற்சியிலும் நிற்க வேண்டும். பையனின் செட்டை ஒரு பெண் திருத்துவதை அவன் பதினைந்து வயதிலேயே பார்த்துவிடுவது அவனுக்கும் நல்லது.

ஆக என் பரிந்துரை மூன்றாவது வழியே. ஆனால் பெண் துணைப் பயிற்சியாளர் அமையாவிட்டால் அது மூன்றாவது வழி ஆகாது, முதல் வழிக்கு வேறு பெயர் ஆகிவிடும். அமையும்வரை பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான பயிற்சியைப் பெற்றோர் முறைவைத்து உட்காரும் நேரத்தில் மட்டும் நடத்துவோம் என்று குழுவில் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் பொதுப் பயிற்சி: வார்ம்-அப், பாஸ், ரிசீவ், தற்காப்பு. இரண்டு நாள் தனி: நெட்டருகே ஆடும் ஆட்டம், குதிப்பு, வலுப்பயிற்சி, அந்த நாட்களில் யாருக்கு முதல் நேரம் என்பது வாரந்தோறும் மாறும். பந்துகள் ஒரே பையில். செலவு முதல் வழியைவிடக் கூடுதல், இரண்டாவதைவிடக் குறைவு. துணைப் பயிற்சியாளருக்கான மதிப்பூதியத்துக்கு ஆண்டுவிழாப் போட்டியின் பந்தல் செலவைக் குறைத்தால் போதும் என்று பொருளாளர் கணக்குக் காட்டினார். அதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள்.

எங்கள் பயிற்சியாளரிடம் அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. "பொம்பளப் புள்ளைங்க அழுதுடுமோன்னு பயம் சார்" என்றார் கடைசியில். மறுநாள் மாலை நெட் 2.24க்கு இறங்கியிருந்தது. அதே பெண் ஓடிவந்து அடித்தாள். பந்து மறுபடியும் மாட்டியது. அவர் வாயைத் திறந்தார், "பரவா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "கடைசி ரெண்டு அடி சின்னதா வைக்கிறம்மா. பெருசா வச்சுப் பாரு" என்றார். அவள் அழவில்லை. திரும்பிப் போய், ஓடும் தூரத்தைக் காலால் அளந்துவிட்டு, இன்னொரு பந்து கேட்டாள்.